கொழும்பில் உதவிச் சாதனங்களுக்கான நிதி உதவியைப் பெறுவது எப்படி

வீட்டில் ஒருவருக்குச் செவிப்புலன் கருவியோ, சக்கர நாற்காலியோ, செயற்கைக் காலோ தேவை என்று வைத்தியர் சொன்னதும், கொழும்பில் பல குடும்பங்கள் நகையை அடகு வைத்துப் பொருளை வாங்கிவிடுகின்றன. எங்காவது உதவி கிடைக்குமா என்ற எண்ணம் அதன் பிறகே, வட்டி ஏறத் தொடங்கும்போது, வருகிறது. ஆனால் ஏற்கெனவே வாங்கி முடித்த பொருளுக்கு அரச நிதியங்களோ தொண்டு அமைப்புகளோ பணத்தைத் திருப்பித் தருவது அரிது. இனி வாங்கப்படவிருக்கும் பொருளுக்கே அவை உதவுகின்றன. பல வேளைகளில் பணத்தை விண்ணப்பதாரரின் கையில் தராமல் விற்பனை நிலையத்தின் பெயரிலேயே காசோலை எழுதுகின்றன. ஆகவே, விண்ணப்பித்துப் பதில் கிடைக்கும் வரை எந்த நிறுவனத்திற்கும் முற்பணம் கட்டாதீர்கள். அதுவரை சமாளிக்க முடியாத நிலை என்றால், வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவிலோ, அருகிலுள்ள லயன்ஸ், ரோட்டரி கழகங்களிலோ, உறவினர் வீட்டிலோ ஒரு சக்கர நாற்காலியை இரவலாகக் கேட்டுப் பெறலாம்.

உதவி கேட்பதற்குக் கூச்சப்படுபவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 250 கோடிப் பேருக்கு ஏதேனும் ஓர் உதவிச் சாதனம் தேவைப்படுகிறது. அவர்களுள் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. இலங்கையில் 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்திற்கும் அதிகமானோர், ஏதோ ஒரு வகை இயலாமையோடு வாழ்வதாகக் காட்டியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இங்கே நடைமுறையில் உள்ளது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 20ஆம் உறுப்புரை, நடமாட்டத்திற்கான சாதனங்களைத் தாங்கக்கூடிய செலவில் கிடைக்கச் செய்வதை அரசின் கடமையாக்குகிறது. நீங்கள் ஒரு படிவத்தை நிரப்பும்போது கேட்பது உங்களுக்கு உரியதையே.

முதலில் மதிப்பீடு, பிறகு பணம்

எந்த அலுவலகத்திற்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது வைத்திய அறிக்கை. அது எவ்வளவு துல்லியமாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாக விண்ணப்பம் நகரும். குடும்பத்தின் வறுமையை உருக்கமாக விவரிக்கும் நீண்ட கடிதத்தை விட, தேவையைத் தெளிவாகச் சொல்லும் ஒரு பக்க அறிக்கை அதிகம் சாதிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. "இவருக்குச் செவிப்புலன் கருவி தேவை" என்று மட்டும் எழுதப்பட்ட துண்டைக் கொண்டு எந்த அதிகாரியும் ஒரு தொகையைப் பரிந்துரைக்க முடியாது. அதே துண்டில், "இரு காதுகளிலும் நரம்பு சார்ந்த கேட்டல் குறைபாடு, வலது காதில் 65 டெசிபல், இடது காதில் 70 டெசிபல், காதின் பின்புறம் அணியும், கணினி மூலம் சீர்செய்யக்கூடிய கருவிகள் இரண்டு தேவை, தனித்தனியாக வார்க்கப்பட்ட காதச்சுகள் அவசியம், கருவியின்றிப் பாடசாலையில் ஆசிரியரின் பேச்சைப் புரிந்துகொள்ள முடியாது" என்று இருந்தால், கொடுப்பவருக்குக் கேள்வியே எழாது. வைத்தியரிடம் இப்படி எழுதித் தருமாறு கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. "டொக்டர், இது நிதி உதவிக்குக் கொடுக்க வேண்டிய கடிதம், கருவியின் வகையையும் எண்ணிக்கையையும் எழுதித் தர முடியுமா" என்று கேட்டால் பெரும்பாலான வைத்தியர்கள் எழுதித் தருவார்கள்.

இந்த மதிப்பீட்டை அரச வைத்தியசாலைகளில் கட்டணமின்றிப் பெறலாம். பெரியவர்கள் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலோ களுபோவில போதனா வைத்தியசாலையிலோ காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குச் செல்லலாம். பிள்ளைகளுக்குப் பொரளையில் உள்ள சீமாட்டி றிட்ஜ்வே வைத்தியசாலை இருக்கிறது. பார்வைக் குறைபாட்டுக்குத் தேசிய கண் வைத்தியசாலை. முள்ளந்தண்டுக் காயம், பக்கவாதம், அவயவ இழப்பு ஆகியவற்றுக்கு றாகமையில் உள்ள புனர்வாழ்வு வைத்தியசாலை சிறப்பானது. கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது உண்மையே. காத்திருக்கும் காலத்தில் மற்ற ஆவணங்களைத் திரட்டலாம். தனியார் விற்பனை நிலையங்கள் நடத்தும் இலவசக் கேட்டல் பரிசோதனையை மட்டும் வைத்து விண்ணப்பிக்க வேண்டாம். விற்பவரே தேவையைத் தீர்மானித்த அறிக்கையை அதிகாரிகள் தயக்கத்தோடுதான் பார்ப்பார்கள், அந்தத் தயக்கம் நியாயமானதும்கூட.

சக்கர நாற்காலியைப் பொறுத்தவரை மதிப்பீடு இன்னும் முக்கியமானது. நன்கொடை விழாக்களில் ஒரே அளவில் பத்து இருபது நாற்காலிகளைக் கொண்டுவந்து வரிசையாகக் கொடுக்கும் வழக்கம் இங்கே உண்டு. கொடுப்பவர்களின் நல்ல மனத்தில் குறையில்லை. ஆனால் இடுப்பின் அகலத்திற்கும் தொடையின் நீளத்திற்கும் முழங்காலிலிருந்து குதிகால் வரையான உயரத்திற்கும் பொருந்தாத நாற்காலியில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவரின் முதுகு வளையும். இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியற்றவர்களுக்குப் படுக்கைப் புண் வரும். அந்தப் புண் உயிரையே பறிக்கக்கூடியது. ஆகவே உணர்ச்சி இழப்பு உள்ளவர்களுக்கு அழுத்தத்தைக் குறைக்கும் மெத்தையும் நாற்காலியோடு சேர்த்தே பரிந்துரைக்கப்பட வேண்டும். "மெத்தையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டால் அதற்கெனத் தனியாக உதவி பெறுவது கடினம்.

அளவெடுக்கும்போது வீட்டையும் நினைவில் கொள்ளுங்கள். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் உள்ள பழைய வீடுகளின் குளியலறைக் கதவு வழியாகப் பல நாற்காலிகள் நுழையவே மாட்டா. மின்தூக்கி இல்லாத தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் வசிப்பவருக்குப் பாரமான மின்சார நாற்காலி கிடைத்தால் அது கீழே படிக்கட்டின் அடியில் கிடந்து துருப்பிடிக்கும். முச்சக்கர வண்டியில் கிளினிக்குக்குப் போய் வருபவர் என்றால் நாற்காலி மடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வீட்டின் ஒடுக்கமான கதவின் அகலத்தை அளந்து, அந்த அளவையும் இயன்மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

முழுச் செலவையும் கணக்கிடுங்கள்

விலைமனுவில், அதாவது கொட்டேஷனில், உள்ள தொகை மட்டும் செலவு ஆகாது. செவிப்புலன் கருவியின் சிறு நாகக்காற்று (zinc-air) மின்கலம், கருவியின் வகைக்கேற்ப, ஒன்றிரண்டு வாரங்களே நிற்கும். வளரும் பிள்ளையின் காது பெரிதாகிக்கொண்டே போவதால் காதச்சைக் காலத்துக்குக் காலம் புதிதாக வார்க்க வேண்டும். தளர்ந்த அச்சு வழியாக ஒலி கசிந்து விசில் சத்தம் எழும், பிள்ளை கருவியைக் கழற்றி எறிந்துவிடும். கொழும்பின் ஈரக்காற்றும் வியர்வையும் கருவியின் உள்ளே நீரைச் சேர்க்கும்; இரவில் அதை ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட சிறு பெட்டியில் வைக்க வேண்டும். செயற்கைக் கால் அணிபவருக்கு, அவயவத்தின் எஞ்சிய பகுதி முதல் சில மாதங்களில் சுருங்குவதால், அதைத் தாங்கும் கிண்ணப் பகுதியை மாற்ற நேரிடும். மின்சார நாற்காலியின் மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, முதல் வருடச் செலவு, அதற்குப் பிந்திய வருடாந்தச் செலவு என்று பிரித்துக் காட்டுங்கள். பெருந்தொகையை ஓரிடத்திலும் தொடர்செலவை இன்னோரிடத்திலும் கேட்பதற்கு இந்தத் தாள் உதவும். பொருளின் விலைக்கு ஒரு நிதியம் உதவும்போது, மின்கலச் செலவை ஒரு கோயில் அறங்காவலர் சபையோ பழைய மாணவர் சங்கமோ மாதந்தோறும் ஏற்றுக்கொள்ளலாம். சிறுதொகை என்பதால் அவர்களும் மனமுவந்து செய்வார்கள்.

விலைமனு மூன்று நிறுவனங்களிடமிருந்தாவது எடுக்க வேண்டும். மூன்றிலும் ஒரே வகைக் கருவி குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. உத்தரவாதக் காலம், பொருத்திச் சீர்செய்யும் கட்டணம், பழுதுபார்க்கும் இடம், விலைமனு செல்லுபடியாகும் திகதி ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். இறக்குமதிப் பொருள்களின் விலை டொலரோடு ஏறி இறங்குவதால் பல விலைமனுக்கள் சில வாரங்களுக்கே செல்லுபடியாகும்; விண்ணப்பம் பரிசீலனைக்கு வரும் நேரத்தில் காலாவதியாகியிருந்தால் புதியதைக் கேட்டு வாங்கி இணைத்துவிடுங்கள்.

பிரதேச செயலகம்

கொழும்பு நகரத்துக்குள் இரண்டு பிரதேச செயலகங்கள் உள்ளன. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, மருதானைப் பக்கத்தவர்கள் கொழும்பு பிரதேச செயலகத்துக்கும், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, பொரளைப் பக்கத்தவர்கள் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கும் உரியவர்கள். தெஹிவளை, இரத்மலானை, கொலன்னாவை போன்றவற்றுக்குத் தனித்தனிச் செயலகங்கள் இருக்கின்றன. அங்கே நீங்கள் சந்திக்க வேண்டியவர் சமூக சேவைகள் உத்தியோகத்தர். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் பத்தரமுல்லையில் செத்சிறிபாயவில் இயங்குகிறது. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், வெள்ளைப் பிரம்பு, செவிப்புலன் கருவி முதலியவற்றுக்கான அதன் உதவிகள் பிரதேச செயலகத்தின் ஊடாகவே வருகின்றன. மேல் மாகாண சபையின் சமூக சேவைகள் திணைக்களத்துக்கும் தனியான ஒதுக்கீடு உண்டு. இந்த இரண்டில் எதற்கு உங்கள் விண்ணப்பம் பொருந்தும் என்பதை அந்த உத்தியோகத்தரிடமே கேளுங்கள். வருட இறுதியில் ஒதுக்கீடு தீர்ந்துபோவது வழக்கம் என்பதால் ஜனவரி, பெப்ரவரி மாதங்களிலேயே விண்ணப்பம் கையளிக்கப்பட்டிருப்பது நல்லது.

அதற்கு முன் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் பெற வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ, மலையகத்திலிருந்தோ வந்து கொழும்பில் வாடகைக்கு இருப்பவர்கள் தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் பதியவோ, கிராம உத்தியோகத்தரிடம் ஆட்களின் பெயரைக் கொடுக்கவோ மறுத்தால் கொழும்பு முகவரியை நிரூபிக்க முடியாமல் போகும். அந்த நிலையில், வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரின் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிப்பது விரைவானது. இரண்டு இடங்களிலும் ஒரே பொருளுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் இரண்டுமே நிராகரிக்கப்படலாம்.

இன்னொரு சிக்கல் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், கிளினிக் புத்தகத்தில் சிங்களத்தில் தாதி எழுதிய மூன்றாவது விதமாகவும் ஒரே பெயர் இருப்பது தமிழர்களிடையே மிகச் சாதாரணம். "மேற்குறித்த மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும்" என்று ஒரு சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவானிடம் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டால் பல வாரங்கள் மிச்சமாகும். விண்ணப்பத்தைத் தமிழில் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. படிவம் சிங்களத்தில் மட்டும் நீட்டப்பட்டால் தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். எந்தத் திணைக்களத்தை அணுகுவது என்று தெரியாவிட்டால் 1919 என்ற அரச தகவல் நிலையத்தின் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டத்தின் கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது சாதனம் வாங்குவதற்கான பணம் அன்று. இருந்தாலும் அந்தப் பட்டியலில் பெயர் இருப்பது, வருமானம் குறைவு என்பதற்கு அரசே தந்த சான்றாக மற்ற நிதியங்களில் பயன்படும். இன்னும் பதியாதவர்கள் அதையும் இதே செயலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

பெருந்தொகை தேவைப்படும்போது

உட்செவியில் கொக்லியர் கருவி பொருத்தும் சத்திரசிகிச்சை போன்ற, இலட்சக்கணக்கில் செலவாகும் தேவைக்கு முதலில் விசாரிக்க வேண்டிய இடம் ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இந்த நிதியத்துக்கு விண்ணப்பிக்க முன்பு கொழும்புக்கே வர வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து எல்லாப் பிரதேச செயலகங்களிலும் விண்ணப்பிக்கலாம். சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். வைத்திய நிபுணரின் பரிந்துரையில் சத்திரசிகிச்சையின் பெயர், உத்தேசத் திகதி, கருவியின் விலை மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். நிதியம் முழுத் தொகையையும் தராது என்ற எதிர்பார்ப்போடு மீதிக்கு வேறு வழியை அதே நேரத்தில் தேடத் தொடங்குங்கள். ஓரிடத்தில் கிடைத்த உதவியை மற்ற இடத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். "ஜனாதிபதி நிதியம் இவ்வளவு தந்துள்ளது, இவ்வளவு குறைகிறது" என்று எழுதும் விண்ணப்பத்தை நன்கொடையாளர்கள் அதிகம் நம்புகிறார்கள், ஏனெனில் யாரோ ஒருவர் ஏற்கெனவே சரிபார்த்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

வேலை செய்பவர்கள் தங்கள் சொந்த நிதியங்களை மறந்துவிடுகிறார்கள். ஊழியர் சேமலாப நிதியத்தில் பத்து வருடங்கள் பங்களித்து, கணக்கில் குறைந்தது 300,000 ரூபா உள்ளவர்கள், வீட்டுத் தேவைக்கு மட்டுமன்றி, குறிப்பிட்ட வைத்தியத் தேவைகளுக்கும் 30 வீதம் வரை ஓய்வுக்கு முன்பே எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் நிரந்தர இயலாமைக்கான கொடுப்பனவும், கண்ணுக்குள் பொருத்தும் வில்லைக்கான உதவியும் உண்டு. அரச ஊழியர்களுக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. சாதாரணம், வெள்ளி, தங்கம் என்ற திட்டங்களுக்கிடையே சலுகைகள் மாறுபடுவதால், உங்கள் சம்பளத்தில் எந்தத் திட்டத்துக்குப் பணம் கழிக்கப்படுகிறது என்பதைக் கணக்குப் பிரிவில் முதலில் கேட்டறியுங்கள். வேலையிடத்தில் கையையோ காலையோ இழந்தவருக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலாளி நட்டஈடு தர வேண்டும். செயற்கைக் கால் ஒன்றை வாங்கித் தந்துவிட்டு, "இனி ஒன்றும் கேட்க மாட்டேன்" என்று எழுதிய கடதாசியில் கையொப்பம் கேட்டால், வேலையாள் நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகத்தில் விசாரிக்கும் வரை கையொப்பமிட வேண்டாம். வீதி விபத்தில் காயமடைந்தவர்களும் அப்படியே. காப்புறுதி நிறுவனம் அவசரப்படுத்தும் சமரசத் தொகையை ஏற்பதற்கு முன், சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேட்கலாம். குறைந்த வருமானம் உடையவர்களுக்கு அது இலவசம்.

தொண்டு அமைப்புகளும் சமயத் தாபனங்களும்

செயற்கைக் கால் தேவைப்படுபவர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் கொழும்பு ஃப்ரெண்ட் இன் நீட் சொசைட்டி. 1831இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, கொழும்பு 2இல், சேர் ஜேம்ஸ் பீரிஸ் மாவத்தையில் இயங்குகிறது. 1985 முதல் ஜெய்ப்பூர் கால்களைச் செய்து, வசதியற்றவர்களுக்கு இலவசமாகவே பொருத்தி வருகிறது. நன்கொடையாளர்களின் பணத்தில் இயங்குவதால் இங்கே உங்கள் கையிலிருந்து பெருந்தொகை எதிர்பார்க்கப்படுவதில்லை. வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்துபோகச் சிரமப்படுபவர்களுக்கு யாழ்ப்பாணத்திலேயே ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. போரினால் அவயவம் இழந்தவர்கள், 2018ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த இழப்பீட்டுக்கான அலுவலகத்திலும் தங்கள் கோரிக்கையைப் பதியலாம்.

பார்வையற்றவர்களுக்கு இலங்கை பார்வையற்றோர் பேரவையும், செவிப்புலன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 1912இல் தோன்றிய இரத்மலானைப் பாடசாலையும் நல்ல தொடக்கங்கள். இத்தகைய இடங்களில் பணத்தைவிட மதிப்புள்ள ஒன்று கிடைக்கும்: அதே கருவியை ஐந்தாறு வருடங்கள் பயன்படுத்தியவரின் அனுபவம். எந்த நிறுவனம் பழுதுபார்க்க இழுத்தடிக்கிறது, எந்த வகைப் பிரம்பு கொழும்பு நடைபாதையில் தாங்குகிறது என்பதை அவர்களிடம்தான் அறியலாம்.

பள்ளிவாசல்களின் ஸகாத் நிதி, வின்சென்ட் டி போல் சபை, கோயில் அறங்காவலர் சபைகள், லயன்ஸ், ரோட்டரி கழகங்கள் ஆகியவற்றை அணுகும்போது ஒரே கடிதத்தைப் பிரதியெடுத்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டாம். ஸகாத் கேட்பவர் ரமழானுக்கு முன்பே ஜமாஅத்தில் பதிந்துகொள்ள வேண்டும். கழகங்கள் ஜூலை மாதத்தில் புதிய நிர்வாகத்தோடு வருடத்தைத் தொடங்கும்போது திட்டங்களைத் தேடிக்கொண்டிருக்கும். உதவியைக் கையளிக்கும் படத்தை முகநூலில் போட விரும்பும் நன்கொடையாளர்களும் உண்டு. பிள்ளையின் முகம் வேண்டாம், பொருளின் படம் போதும் என்று முதலிலேயே சொல்லுங்கள். உண்மையாக உதவ வந்தவர் இதற்காகப் பின்வாங்க மாட்டார். வாட்ஸ்அப் குழுக்களில் வேண்டுகோள் போடுவதென்றால் அடையாள அட்டையின் முழுப் படத்தையும் வைத்திய அறிக்கையின் எல்லாப் பக்கங்களையும் பகிராதீர்கள். அதே படங்களை வைத்து வேறு கணக்கு எண்ணோடு போலி வேண்டுகோள்கள் பரப்பப்படுகின்றன. படிவம் நிரப்பவும் உள்ளே ஆளைத் தெரியும் என்று சொல்லவும் பணம் கேட்கும் தரகர்களை முற்றாகத் தவிருங்கள்.

வெளிநாட்டு உறவினர் அனுப்புவதாகச் சொன்னால்

இலண்டனிலோ ரொறொன்ரோவிலோ உள்ள உறவினர், அங்கே முதியவர் ஒருவர் பயன்படுத்திய மின்சார நாற்காலியை அனுப்புவதாகச் சொல்வார். அன்பான எண்ணம் அது. கனடாவிலிருந்து வரும் மின்னேற்றி 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருந்தால் இங்குள்ள 230 வோல்ட்டில் செருகியதும் எரிந்துவிடும். இரண்டு அழுத்தங்களையும் ஏற்கும் மின்னேற்றியா என்பதை அதன் அடிப்பக்கத்து எழுத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அந்த வகைக்குரிய மின்கலமும் சில்லும் கொழும்பில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். சுங்கத்தில் எந்த ஆவணங்கள் தேவை என்பதை அனுப்பும் முகவரிடம் எழுத்தில் பெறுங்கள். பல வேளைகளில் அந்தக் கப்பற் கூலியையும் முகவர் கட்டணத்தையும் இங்கேயே அனுப்பினால், அளவெடுத்துச் செய்த சாதாரண நாற்காலியும் மெத்தையும் வாங்க முடியும் என்பதை உறவினரிடம் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

பணமே தேவையில்லாதவை

சில தேவைகளுக்கு நிதி தேட வேண்டியதே இல்லை. கணினித் திரையை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் 2006 முதல் இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கும். ஆண்ட்ரொய்ட் தொலைபேசியில் டோக்பேக், ஐபோனில் வொய்ஸ்ஓவர் ஆகியவை வாங்கும்போதே உள்ளே இருக்கின்றன. எதிரில் இருப்பவரின் பேச்சை எழுத்தாக்கும் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழையும் புரிந்துகொள்கிறது. பெருந்தொகைக்கு விற்கப்படும் மென்பொருளுக்கு விண்ணப்பம் எழுதுவதற்கு முன் இவற்றை ஒரு மாதமாவது பயன்படுத்திப் பாருங்கள்.

விண்ணப்பத்தைக் கையளித்த பிறகு

கடிதத்தின் முதல் பந்தியிலேயே யாருக்கு, எந்தப் பொருள், எவ்வளவு தொகை என்பதை எழுதுங்கள். உதாரணமாக: "எனது மகளுக்கு வயது ஒன்பது. வைத்திய நிபுணரின் இணைக்கப்பட்ட அறிக்கையின்படி அவருக்கு இரண்டு செவிப்புலன் கருவிகள் தேவை. குறைந்த விலைமனு இணைக்கப்பட்டுள்ளது. அதில் கால் பங்கை நாங்கள் செலுத்துவோம். மீதிக்கு உதவி வேண்டுகிறோம்." சிறு தொகையானாலும் குடும்பத்தின் பங்கைக் குறிப்பிடுவது நல்லது, முடியாதவர்கள் முடியாது என்றே எழுதலாம். மூல ஆவணங்களை எங்கும் விட்டுவராதீர்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு எண் இருந்தால் அதையும் எழுதி வாங்குங்கள்.

ஒரு மாதத்துக்குப் பிறகும் பதில் இல்லையென்றால் பதிவு எண்ணோடு நேரில் விசாரியுங்கள். ஏதாவது ஆவணம் குறைகிறது என்று வாய்மொழியாகச் சொன்னால், எது என்பதை அந்த இடத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறொரு உத்தியோகத்தர் வேறொன்றைக் கேட்பதை இது தடுக்கும். மாதக்கணக்கில் மௌனம் நீடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "எனது விண்ணப்பம் தற்போது எந்த நிலையில் உள்ளது, யாரிடம் உள்ளது" என்று அதே அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வருமான எல்லை, காலாவதியான விலைமனு, தெளிவற்ற வைத்திய அறிக்கை என்று காரணம் எதுவானாலும், இரண்டாவதும் மூன்றாவதும் திருத்தி மீண்டும் கொடுக்கக்கூடியவையே. முதலாவதாக இருந்தால் அந்தக் கடிதத்தையே இணைத்துக்கொண்டு, வருமான எல்லை வைக்காத தொண்டு அமைப்பிடம் செல்லலாம்.

பொருள் கைக்கு வந்ததும் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கொண்டுபோய்ப் பொருத்தத்தைச் சரிபார்த்த பிறகே பெற்றுக்கொண்டதற்கான இறுதிக் கடிதத்தில் கையொப்பமிடுங்கள். உத்தரவாத அட்டையில் பயனாளியின் பெயர் இருக்க வேண்டும். நன்கொடையாளரின் பெயரில் இருந்தால் பழுதுபார்க்கும்போது சிக்கல் வரும். பற்றுச்சீட்டையும் வைத்திய அறிக்கையையும் விலைமனுவையும் ஒரே கோப்பில் வையுங்கள். பிள்ளை வளர்ந்து அடுத்த அளவு நாற்காலிக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்தக் கோப்பிலிருந்தே புதிய விண்ணப்பத்தைத் தொடங்கலாம்.